அரைக் கட்டை

பதினான்கு பதிவுகள்.
பெயரை நீக்கி எண் மட்டும் ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.
எந்தப் பங்கு, யார் வீட்டு மருமகளின் உச்சக் குரல்
எனக்குத் தெரியக்கூடாதாம்.
பினாங்கில் இது நடக்கிற காரியமா?
இரண்டாம் எண்ணில் இருமுகிறவர் சூசைநாதன்.
அந்த இருமலை முப்பது வருடமாக அறிவேன்.

ஜெலுத்தோங், பதினோராவது மாடி.
விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.
ஹெட்போன் பஞ்சுக்குள் வேர்வை இறங்குகிறது.
தாளில் ஐந்து கட்டங்கள்:
சுருதி, தாளம், உச்சரிப்பு, குரல் இணைவு,
கடைசியில், அதுவும் பத்துக்கு, பக்தி.

முதல் மூன்றிலும் கிறிஸ்துமஸ் அவசரம்.
தபேலா முன்னால் போய்விட, பாட்டு பின்னால் ஓடிவந்தது
பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி.

நான்கு, கண்ணாடி.
ஒரு பிசிறு இல்லை. ஒரு ஸ்வரம் நழுவவில்லை.
மூன்றாம் முறை கேட்கையில்தான் பிடிபட்டது:
நாற்பது பேர் ஆறு நிமிடம் பாடுகிறார்கள்,
ஒருவரும் மூச்சு வாங்கவில்லை.
எவனோ ஒரு பையன் இரவெல்லாம் உட்கார்ந்து
ஒவ்வொரு மூச்சாக வெட்டி எறிந்திருக்கிறான்.
சுருதிக்குப் பத்து. தாளத்துக்குப் பத்து.
வேறென்ன செய்ய.

ஏழின் நடுவே பாங்கு கேட்டது.
பதிவை நிறுத்திவிட்டு, அது முடியும்வரை
சன்னலோரம் நின்று பாலத்தின் லாரிகளைப் பார்த்தேன்.
அதற்கு மதிப்பெண் கேட்டு யாரும் தாள் அனுப்பவில்லை.

ஒன்பது.
பன்னிரண்டு பேர் இருப்பார்கள், அதற்கு மேல் இல்லை.
தவக்காலப் பாட்டு. ஆர்மோனியம் சுதி கொடுத்துவிட்டு
ஒதுங்கிக்கொண்டது. பிறகு வெறும் குரல்கள்,
'ஆண்டவரே இரங்கும்' என்பதையே சுற்றிச் சுற்றி.
இரண்டாம் அடியில் கீழ்க்குரல்காரர் ஒரு நூலிழை தளர்ந்தார்.
பக்கத்தில் நின்றவர் அவரோடு தளர்ந்தார்.
பிறகு பெண்கள். கடைசியாக, மனமில்லாமல்,
அந்த மெல்லிய உச்சக் குரலும்.
ஒருவருக்கொருவர் துளியும் பிசகவில்லை.
கைகோத்துச் சேற்றில் கால் வைக்கிறவர்கள் போல
அடிக்கு அடி கூட்டமாகவே போனார்கள்.
நான்கு நிமிடம், காது வைத்துப் பிழைக்கிற எனக்கே தெரியவில்லை.

முடிவில் ஆர்மோனியம் திரும்பி வந்தது
அரைக் கட்டை மேலே.

ஐயோ என்று வாய்விட்டே சொன்னேன்.

சுருதிக்கு நான்கு.
உச்சரிப்புக்கும் குறைத்தேன்: சின்ன ர வர வேண்டிய இடத்தில்
பெரிய ற. 'இறங்கும், இறங்கும்' என்று
இருபத்திரண்டு தடவை.
பேனாவை மூடிய பிறகு உறைத்தது,
வாயால் சொன்னதைக் குரலால் செய்திருக்கிறார்கள்.

ஞாயிறு, பூலாவ் தீக்குஸ் காப்பிக்கடை, நடுவர் மூவர்.
ஃபாதர் மரியதாசன் பக்திக்கு
எல்லாருக்கும் எட்டு போட்டிருந்தார், வம்பில்லாமல்.
திரு. கூவுக்குத் தமிழ் தெரியாது, காது மட்டும்தான்.
"ஒன்பதில் ஒரு பெயரை அழைத்துக்கொண்டே இருக்கிறார்களே,
அது எந்தப் புனிதர்?"
புனிதர் இல்லை, என்றேன். கசியான்.
அவர் காப்பியைக் கலக்கினார்.
கலங்கி முடிந்த பிறகும் கலக்கினார்.
பிறகு தன் தாளிலும் நான்குதான் என்று காட்டினார்.

நான்காம் எண் முதல் பரிசு. ஒன்பது ஏழாம் இடம்.
செயலாளர் கிளாரம்மா போன் செய்தாள்:
"ஒன்பதுக்குப் பக்திக் கட்டம் காலியா இருக்கு டீச்சர்,
கணக்கு கூட்ட முடியல."
எட்டு என்று போட்டுக்கொள், என்றேன்.
நானும் அப்படித்தான்.

அன்றிரவு ஒன்பதை மறுபடி வைத்தேன்.
தாள் இல்லை, பேனா இல்லை, விசிறி ஓடட்டும்.
ஆர்மோனியம் நின்ற பிறகும் பதிவு நிற்கவில்லை,
முதல் தடவை அதற்கு முன்பே நிறுத்தியிருக்கிறேன்.
நாற்காலி இழுபடுகிறது. ஒரு பெண், மெதுவாக:
"இறங்கிட்டோம் லா. மறுபடி எடுப்போமா?"
"வேணாம், அனுப்பிடு. எனக்கு ஏழு மணிக்கு சிஃப்ட்."
யாரோ சிரிக்கிறார்கள்.
யாரோ இருட்டில் சுவிட்சைத் தடவுகிறார்கள்,
கிடைக்காமல்,
கொஞ்ச நேரம்.